வீட்டுக்குப் பக்கத்தில் குடோன் வருகிறதா? சராசரிக் கணக்கில் காணாமல் போகும் ‘பீப்’ சத்தம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கம் ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போகிறார்கள். காற்று வருகிறதா, தண்ணீர் வருகிறதா, மெயின் ரோடு எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பார்கள். பின்பக்கம் இருக்கும் காலி இடத்தில் நாளைக்கு ஒரு பெரிய குடோன் வந்தால் ராத்திரி 2 மணிக்கு என்ன சத்தம் கேட்கும் என்று யாரும் கேட்பதில்லை.

குடோன் என்றால் மூட்டை அடுக்கி வைத்துப் பூட்டுகிற இடம் என்ற காலம் போய்விட்டது. ஆன்லைனில் இரவு 10 மணிக்கு ஆர்டர் போட்டால் மறுநாள் பொருள் கைக்கு வர வேண்டும். அதற்கான பிரிப்பு வேலை முழுக்க ராத்திரியில்தான் நடக்கிறது. நகருக்குள் கனரக வாகனங்கள் நுழைய நேரக் கட்டுப்பாடு இருப்பதால் லாரிகளும் அந்த நேரத்தில்தான் கிளம்பும், திரும்பும். ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் பீப், இறக்குமேடையில் இரும்புத் தகடு விழும் ‘டமார்’, நின்றுகொண்டே ஓடும் குளிர்சாதன லாரியின் உறுமல், ஃபோர்க்லிஃப்ட், ஜெனரேட்டர். மொத்தத்தில், ஊர் தூங்கும் நேரம்தான் குடோனுக்கு பீக் ஹவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒலி மாசு விதிகள் 2000-இன்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வணிகப் பகுதிக்கு இரவு 55, தொழிற்பகுதிக்கு 70. இங்கேயே முதல் சிக்கல் வந்துவிடுகிறது. உங்கள் வீடு எந்த வகைப் பகுதியில் வருகிறது என்பதைப் பொறுத்து வரம்பு 25 டெசிபெல் வரை மாறும். 10 டெசிபெல் கூடினாலே காதுக்குச் சத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. இந்த வரம்புகள் எல்லாம் சராசரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காகத்தான். ராத்திரியில் உங்கள் ஜன்னல் அருகே சுற்றுப்புற இரைச்சல் 35 டெசிபெல். புதுக் குடோனுக்கு இரவு முழுக்க 40 லாரிகள் வருகின்றன. ஒவ்வொன்றும் 10 விநாடி ரிவர்ஸ் எடுக்கிறது. அந்த பீப் உங்கள் ஜன்னலில் 55 டெசிபெல். மொத்தம் 400 விநாடி சத்தம், அதை 8 மணி நேரத்துக்குப் பரப்பினால் கிடைக்கும் சராசரி ஏறக்குறைய 39 டெசிபெல். வரம்பு 45. அறிக்கையில் ‘விதிமுறைக்கு உட்பட்டது’ என்று எழுதிவிடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனா, அந்த வீட்டில் இருப்பவருக்கு ஒரே ராத்திரியில் 40 முறை தூக்கம் கலைய வாய்ப்பு இருக்கிறது.

பிரிட்டன் எப்படி அளக்கிறது?

தொழில், வணிக இடங்களின் சத்தத்தை மதிப்பிட பிரிட்டனில் பிஎஸ் 4142 என்ற தரநிலை இருக்கிறது. புது குடோனுக்கு அனுமதி கேட்கும்போது ஒலி நிபுணர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள். ‘வரம்புக்குள் இருக்கிறதா’ என்பதைவிட ‘ஏற்கெனவே இருந்த அமைதியைவிட எவ்வளவு கூடுகிறது’ என்பதே இதில் கேள்வி.

இரவுச் சத்தத்தை இந்த முறையில் 15 நிமிடத் துண்டுகளாகப் பார்க்கிறார்கள். 8 மணி நேரத்தில் கரைத்துவிட முடியாது. பீப் போல ஒரே சுருதியில் காதைக் குத்தும் சத்தம் என்றால் 6 டெசிபெல் வரை அபராதமாகக் கூட்டுவார்கள். ‘டமார்’ வகைக்கு 9 வரை. வருகிற மொத்தத்திலிருந்து பழைய பின்னணி அளவைக் கழிப்பார்கள். 5 கூடினால் பாதிப்பு இருக்கலாம், 10 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் பாதிப்புக்கான அறிகுறி. கூடவே அந்த இடத்தின் சூழ்நிலையையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நம்ம உதாரணத்தையே இதில் போடலாம். பரபரப்பான 15 நிமிடத்தில் 3 லாரிகள் வந்தால் அந்தத் துண்டில் லாரிச் சத்தம் மட்டும் சுமார் 40 டெசிபெல். அபராதம் 6 சேர்த்தால் 46. பின்னணி 35-ஐக் கழித்தால் 11. இங்கே பாஸ் ஆன அதே குடோன், அங்கே கடும் பாதிப்புக் கணக்கில் வருகிறது.

மக்களிடம் கேட்பார்களா?

20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் இ.ஐ.ஏ. அறிவிக்கை. ஆனால் அதே அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றும் சொல்லிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிவதே பில்லர் எழும்பிய பிறகுதான் என்றால் ஆச்சரியமில்லை.

விண்ணப்ப ஆவணங்கள் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் கிடைக்கும். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அறிக்கை கையில் கிடைத்ததும் இரைச்சல் பகுதிக்குப் போய் சிலதைப் பார்க்க வேண்டும். அளந்த இடம் உங்கள் வீட்டுப் பக்கமா, ஹைவே ஓரமா? ஹைவே ஓரம் என்றால் பின்னணி அளவு முன்கூட்டியே உயர்ந்திருக்கும், குடோன் கூட்டும் சத்தம் சின்னதாகத் தெரியும். இரவில் எத்தனை லாரி என்று எண்ணிக்கை இருக்கிறதா, இல்லை ஜெனரேட்டர் சத்தத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறதா?

தீர்வாக ‘பசுமை வளையம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் உஷாராக வேண்டும். மரம் நல்லதுதான். ஆனா, ஒன்றிரண்டு வரிசை மரம் சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. வேலை செய்வது வேறு சில விஷயங்கள்: இறக்குமேடையை வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் கட்டடமே சுவராக நிற்கும். லாரிகள் ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாதபடி ஒருவழிப் பாதை போடலாம். பீப்புக்குப் பதிலாக ‘ஷ்ஷ்’ என்று அடங்கிக் கேட்கும் அலாரம் பொருத்தலாம். இதில் முதல் இரண்டும் வரைபடத்தில் இருக்கும்போது பெரிய செலவில்லாத மாற்றங்கள். கட்டி முடித்த பிறகு நடக்காத காரியம்.

கட்டுமானம் நடக்கும்போதும் ஒரு விதி உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் இரைச்சல் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது. குடோன் இயங்கத் தொடங்கிய பிறகு புகார் கொடுக்க வேண்டுமானால், ஒலி மாசு விதிகளின்படி வரம்பைவிட 10 டெசிபெல் அல்லது அதற்கு மேல் தாண்டியிருக்க வேண்டும். அதாவது குடியிருப்புப் பகுதியில் இரவில் 55. மேலே பார்த்த 39 டெசிபெல் குடோன் அந்தப் பக்கமே வராது.

அதனால்தான் முதல் லோடு ஜல்லி இறங்குவதற்கு முந்தைய ராத்திரிகள் முக்கியம். அந்த அமைதியைப் பிறகு யாராலும் அளக்க முடியாது. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் ஐபோனுக்கு இலவச ஒலி அளவுச் செயலி ஒன்று தருகிறது. படுக்கையறை ஜன்னல் பக்கம் 1 மணி முதல் 4 மணி வரை சில நாட்கள் அளந்து, தேதி, நேரத்தோடு குறித்து வைக்கலாம். போன் அளவீட்டை அதிகாரப்பூர்வ ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ‘இங்கே இரவில் 35 தான், உங்கள் அறிக்கையில் 48 என்று எப்படி வந்தது, மறுபடி அளந்து காட்டுங்கள்’ என்று சங்கத்தின் சார்பில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுத அது போதும்.