போனில் லினக்ஸ் போட முடியுமா?

மேசைக் கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு உபுண்டு லினக்ஸ் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஸ்மார்ட்போனும் கணினிதான், ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவதும் லினக்ஸின் மையக்கருவான கெர்னல்தான். ஆனாலும் அதில் நம் இஷ்டத்துக்கு இயங்குதளத்தை மாற்ற முடிவதில்லை. ஏன்?

தடைகள் இரண்டு. முதலாவது பூட்லோடர். போனை ஆன் செய்ததும் இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரல் இது. தயாரிப்பாளரின் கையொப்பம் உள்ளதை மட்டுமே ஏற்றும்படி பல போன்களில் பூட்டியிருப்பார்கள். இரண்டாவது டிரைவர்கள், அதாவது பாகங்களை இயக்கும் நிரல்கள். பிசியில் என்னென்ன பாகங்கள் உள்ளன என்பதை லினக்ஸ் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். போனில் ஒவ்வொரு மாடலுக்கும் அந்த விவரத்தைத் தனியாக எழுதித் தர வேண்டும்.

இரண்டு தடைகளும் இல்லாத போனுக்கு நல்ல உதாரணம், பைன்64 நிறுவனம் 2020இல் அனுப்பத் தொடங்கிய பைன்போன். மைக்ரோஎஸ்டி கார்டில் லினக்ஸை எழுதிச் செருகினால் கார்டிலிருந்தே பூட் ஆகும். கார்டை எடுத்தால் பழைய இயங்குதளம் அப்படியே இருக்கும். கெட்டுவிடுமோ என்ற பயமின்றிப் பழகலாம். பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தால் ஆறு குட்டி ஸ்விட்சுகள் தெரியும்: மோடம், வைஃபை, மைக், இரண்டு கேமராக்கள், ஹெட்போன். ஹெட்போன் ஸ்விட்சை அணைத்தால் அந்தத் துளையே சீரியல் போர்ட் ஆகிவிடும். திரை இருண்டு கிடந்தாலும் கெர்னல் என்ன சொல்கிறது என்பதைக் கேபிள் வழியே கணினியில் படிக்கலாம்.

இதில் ஓடும் இயங்குதளங்களில் ஒன்று, 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். ஒரு போனைப் பத்தாண்டு உழைக்க வைப்பதே அதன் இலக்கு. கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு முறையில் உள்ளே நுழைந்து, பைத்தான் மொழியை நிறுவி, நிரல் எழுதி உடனே ஓட்டலாம். ஆப் ஸ்டோரின் ஒப்புதல் தேவையில்லை.

குறைகளும் உண்டு. பைன்போன் வேகம் குறைந்தது, கேமரா சுமார், வங்கிச் செயலிகள் ஓடும் என்று நம்ப முடியாது. அன்றாடப் போனாக அல்ல, கற்றுக்கொள்ளும் போனாகவே அதைப் பாருங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனிலும் முயலலாம். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஓடும் போன்களின் பட்டியலில் அது உண்டா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். ஏனென்றால் ஒரே பெயரில் வெவ்வேறு சிப் கொண்ட போன்கள் விற்கப்படுகின்றன. பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் படங்களை முதலில் நகலெடுத்து வையுங்கள். கையில் ஒரே போன்தான் என்றால் ஆண்ட்ராய்டிலேயே டெர்மக்ஸ் செயலியை நிறுவி, லினக்ஸ் கட்டளைகளையும் பைத்தானையும் பழகலாம்.

அடுத்த போன் வாங்கும்போது, அதன் பூட்லோடரைத் திறக்க முடியுமா என்று விசாரியுங்கள். காசு கொடுத்து வாங்கிய கருவியில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கே இருக்க வேண்டும்.