கல்லைத் தேடாதீர்கள், டயலைப் பாருங்கள்

பழைய வாட்சை ரிப்பேருக்குக் கொடுக்கக் கிளம்பினால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் எச்சரிக்கை, "பக்கத்திலேயே உட்கார்ந்திரு, கல்லை எடுத்திருவான்" என்பதுதான். டயலில் 17 என்றோ 21 என்றோ ஜூவல்ஸ் எண்ணிக்கை இருக்கிறதே, அது ஏதோ மாணிக்கப் புதையல் என்ற நினைப்பு. கல் இருப்பது உண்மைதான். மாணிக்கமும்தான். ஆனால் உலையில் செய்த மாணிக்கம். 1902-இல் வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த முறையை வெளியிட்டதிலிருந்து வாட்ச் கல்லின் விலை சொற்பமாகிவிட்டது. சக்கரத்தின் அச்சுமுனை தேயாமல் சுழல அது வேண்டும், அவ்வளவுதான். அதைப் பிடுங்கி விற்கப் போகிறவனுக்கு டீச்செலவுக்குக்கூடக் கிடைக்காது.

கல்லுக்குக் காவல் இருக்கும் நேரத்தில் போவது வேறு. டயல் போகும், பின்மூடி போகும், சில சமயம் மெஷினே போகும். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வீடுகளின் பீரோவில் கிடக்கும் வாட்சுகளுக்கு இன்று வெளியூர்ச் சேகரிப்பாளர்களிடம் விலை இருக்கிறது. அந்த விலை முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: உள்ளிருக்கும் உறுப்புகள் கம்பெனியிலிருந்து வந்தவையா?

நம் பக்கம் கிடைக்கும் ஜப்பான் வாட்சுகள் இரண்டு வழியாக வந்தவை. ஒன்று ஹெச்எம்டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. ஜனதா, பைலட் போன்ற சாவி கொடுக்கும் 17 கல் வாட்சுகளின் மூலம் ஜப்பான்தான். ஹெச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்த பிறகு, கல்யாணத்துக்கு மாமனார் போட்ட ஜனதாவுக்குத் திடீர் மவுசு வந்தது. இன்னொரு வழி வளைகுடா. சவுதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் கட்டி வந்த சீக்கோ 5. அதில் கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் வருமானால், அந்த அரபி எழுத்தே அது வந்த வழிக்குச் சாட்சி. "படிக்க முடியலையே, மாத்திரலாமா?" என்று கடையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சீக்கோ 5-இன் பின்மூடியில் 6119, 7009 என்று தொடங்கும் எட்டு எண்கள் இருக்கும். முதல் நான்கு மெஷினைச் சொல்லும், அடுத்த நான்கு கூட்டை. தனியாக இருக்கும் வரிசை எண்ணில் முதல் இலக்கம் தயாரித்த வருடத்தின் கடைசி இலக்கம். அடுத்தது மாதம். அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பருக்கும் டிசம்பருக்கும் அவற்றின் ஆங்கில முதலெழுத்து. 6119 மெஷின் கொண்ட வாட்சில் வரிசை எண் 25 என்று தொடங்கினால் 1972 மே. டயலின் கீழ்விளிம்பில், ஆறு மணிக்கு இருபுறமும், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற அளவில் ஒரு எண் அச்சாகியிருக்கும். அதிலுள்ள மெஷின் எண்ணும் பின்மூடியில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இவற்றைப் போனில் படம் எடுங்கள். கடைக்காரர் மூடியைத் திறக்கும்போது மெஷினையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். பின்னால் வரும் வீண்பழியிலிருந்து அவரையும் அந்தப் படம்தான் காக்கும்.

"சாவி ஏறலை சார், உள்ளே பல்சக்கரம் போச்சு" என்று செலவு சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். மேலே சொன்ன 6119, 7009 மெஷின்களிலும் 1996-இல் வந்த 7எஸ்26-இலும் தலையைத் திருகிச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. கை அசைவில்தான் ஸ்பிரிங் ஏறும். திருகத் தேவையில்லை என்பதால்தான் தலையை நாலு மணிப் பக்கம் ஒதுக்கி உள்ளடங்க வைத்தார்கள். இல்லாத பல்சக்கரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அதேபோல, இருபது வருடம் பெட்டியில் கிடந்த வாட்ச் லேசாக ஆட்டியதும் ஓடிவிட்டது என்று கட்டிக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். எண்ணெய் காய்ந்திருக்கும். கரிசல் புழுதியும் மில் பஞ்சும் புகுந்த மெஷின் எண்ணெயில்லாமல் ஓடினால் அச்சுமுனைகளை அதுவே அரைத்துத் தின்னும். கழற்றிக் கழுவி, புது எண்ணெய் வைத்த பிறகே கட்டலாம். மூடியில் எழுதியிருக்கும் வாட்டர் ரெசிஸ்டன்ட் வாசகம் அதன் ரப்பர் வளையம் புதிதாக இருந்த நாளுக்கு எழுதியது. அதை நம்பிக் கிணற்றில் குதிக்காதீர்கள்.

துண்டுச்சீட்டு இல்லாமல் வாட்சைக் கொடுத்து வருவதுதான் நம் வழக்கம். ஆனால் சட்டம் வாடிக்கையாளர் பக்கம் கணிசமாக நிற்கிறது. ரிப்பேருக்கு வாங்கிவைத்த பொருளை, சராசரி விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். வேலையை முடித்துக்கொடுத்த மெக்கானிக்குக் கூலி வரும்வரை வாட்சைத் தன்னிடமே வைத்திருக்கும் உரிமையையும் அதே சட்டத்தின் 170-ஆவது பிரிவு தருகிறது. வைத்திருக்கலாம் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது, விற்கலாம் என்று சொல்லவில்லை. "30 நாளில் வாங்காவிட்டால் நாங்கள் பொறுப்பல்ல" என்ற சீட்டு வரியைக் காட்டி, "உங்க வாட்ச் போயிருச்சுண்ணே" என்று கைவிரித்தால் அதோடு விஷயம் முடிந்துவிடாது. சீட்டில் வாட்சின் பெயர், பின்மூடி எண், சொன்ன கூலி, மாற்றப்போகும் உறுப்பு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய உறுப்பையும் திருப்பிக் கேளுங்கள். ரசீது தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகச் செயல் என்கிறது.

பழுதுபார்ப்பதில் போவதைவிட வாங்குவதில் அதிகம் ஏமாறுகிறோம். இணையத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு வரும் ஆரஞ்சு, சிவப்பு, ஊதா டயல் சீக்கோ 5-களை உலகச் சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று கேலியாகச் சொல்கிறார்கள். மெஷின் அசல் சீக்கோவாகவே இருக்கலாம். டயல் புதிதாக வண்ணமடித்து, மறுபடி பெயர் அச்சிட்டது. கூடு ஒரு வாட்சிலிருந்தும் முள் வேறொன்றிலிருந்தும் வந்திருக்கும். உற்றுப் பார்த்தால் எழுத்து தடித்து நெளிந்திருக்கும், டயலின் கீழ்விளிம்பில் எண் இருக்காது, அல்லது மூடியோடு ஒட்டாது. ஐம்பது வருடத்து வாட்ச் நேற்று வாங்கியதுபோல் மின்னினால் சந்தேகப்படலாம். மறுவண்ணம் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் என்னைப் பொறுத்தவரை அது ஏமாற்று இல்லை, ரசனைக் கோளாறு மட்டுமே. அசல் என்று சொல்லி விற்பது ஏமாற்று. அனுமதியில்லாமல் இன்னொருவரின் வணிகக்குறியை அச்சிடுவதும் அப்படி அச்சிட்டதை விற்பதும் வணிகக்குறிச் சட்டம் 1999-இன்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். "நேரே ஜப்பானிலிருந்து வரவழைக்கிறேன்" என்பவரிடமும் கவனம் தேவை. பயன்படுத்திய பொருட்களின் இறக்குமதிக்கு நம் வெளிநாட்டு வணிகக் கொள்கையில் கட்டுப்பாடு உண்டு. பார்சல் சுங்கத்தில் நின்றால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

ரேடியம் பற்றியும் சொல்ல வேண்டும். 1960-க்கு முந்தைய சில வாட்சுகளிலும் டைம்பீஸ்களிலும் முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் கலந்த பூச்சு பூசியிருப்பார்கள். ஒளிர்வது நின்றிருக்கும், கதிரியக்கம் நிற்காது. ரேடியம் பாதியாகவே 1,600 வருடம் ஆகும். அப்படிப்பட்டதை வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், உதிர்ந்த பொடியை ஊதாதீர்கள். காணொளி பார்த்துவிட்டுப் பெட்ரோலில் மெஷினைக் கழுவும் இளைஞர்களுக்கு, அடுப்பும் பீடியும் அருகில் வேண்டாம் என்பதோடு ஜன்னலையும் திறந்துவைக்கச் சொல்ல வேண்டும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் அது இணைய மோசடி. தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு அதிகம். இணைய வணிகத் தளத்தில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 விதி. அதிலும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விருதுநகர் மாவட்ட ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. திருச்சுழிக்காரருக்கு அது மாவட்டத்தின் மறுகோடி. அதனால் இ-ஜாக்ரிதி தளத்தில் புகாரைப் பதிவு செய்வதும், காணொளி விசாரணை கேட்பதும் நல்லது.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். அதேபோல, வியாபாரியாக இல்லாமல் தன் வீட்டு வாட்ச் ஒன்றை விற்ற தனியாள்மீது நுகர்வோர் வழக்கு நிற்பது கடினம். அங்கே போலீசில் மோசடிப் புகாரோ சிவில் வழக்கோதான் வழி.

எந்த வழியில் போனாலும் சான்று வேண்டும். விற்றவர் போட்ட விளம்பரம் அழிக்கப்படும் முன் அதைப் படம் எடுங்கள், "ஒரிஜினலா?" என்று நீங்கள் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் எழுத்தில் வைத்திருங்கள், பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். டயல் மாற்றியது என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் கழற்றிப் போட்டுவிட வேண்டாம். விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் திறந்து காட்டி, பின்மூடி எண் என்ன, டயலில் இருப்பது என்ன, எது பொருந்தவில்லை என்று அவர் கடைச் சீட்டில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்கிப் புகாரோடு இணையுங்கள்.