எந்த மாதிரியில் தொடங்குவது?

பவர்டிசைனர் போன்ற தரவு வடிவமைப்பு மென்பொருளைத் திறந்ததுமே கேள்வி வந்துவிடும்: எந்த வகை மாதிரி வேண்டும்? கருத்துநிலை, தர்க்கநிலை, பௌதிகநிலை, வர்த்தகச் செயல்முறை, நிறுவனக் கட்டமைப்பு என்று பட்டியல் நீளும். கடைசி இரண்டும் ஒரு நிறுவனம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டுபவை. மாணவர்களான எங்களுக்குப் பெரும்பாலும் முதல் மூன்றோடுதான் வேலை.

என் வகுப்பில் பலரும் நேராகப் பௌதிகநிலைக்குப் போய்விடுவார்கள். அட்டவணைகளை வரைந்தால் எஸ்கியூஎல் கட்டளைகளை மென்பொருளே எழுதித் தந்துவிடுமே! ஒப்படைப்புக்கு நாள் நெருங்கும்போது வேறென்ன வேண்டும்?

ஆனால், பெயர் என்ற ஒரு சிறு விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் தொடங்குபவர், பழக்கத்தில் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என இரண்டு கட்டங்களைப் போட்டு, இரண்டும் கட்டாயம் என்று விதித்துவிடுவார். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தந்தை பெயர்தான். ஓர் இணையப் படிவம் அதைக் கேட்டு நகர மறுத்ததால் அப்பாவின் பெயரைப் போட்டேன். அதன்பின் வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘குமாரி’ சேர்த்து என்னை விளிக்கின்றன. வீட்டில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

கருத்துநிலை மாதிரியில் அட்டவணையே இல்லை. யார், எது, அவற்றுக்குள் என்ன உறவு என்பது மட்டும்தான். 1976ல் பீட்டர் சென் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்தகைய படங்களைப் பிரபலமாக்கியது. கணினி தெரியாதவரிடமும் அந்தப் படத்தைக் காட்டி, “உங்களிடம் வருபவர்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டா?” என்று கேட்கலாம். அட்டவணை தயாரான பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

தர்க்கநிலை, 1970ல் எட்கர் காட் முன்வைத்த தொடர்புசார் மாதிரியை ஒட்டியது. ஒரே விவரம் இரண்டு இடங்களில் பதிவாகாமல் பிரிப்பது இங்கேதான்.

பௌதிகநிலைக்கும் அதற்கே உரிய கேள்விகள் உண்டு. ‘கார்த்திகேயன்’ என்பதில் நமக்கு 7 எழுத்துகள். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 39 பைட். பெயருக்கு 30 பைட் ஒதுக்கிய தரவுத்தளத்தில் கார்த்திகேயனுக்கு இடமில்லை. இதைக் கருத்துநிலைப் படத்தில் எவ்வளவு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டே அட்டவணை கொண்ட பயிற்சிக்குக் கருத்துநிலைப் படம் வரைவது, என்னைக் கேட்டால், வீண்வேலை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைத் திருத்துவதாக இருந்தால் பௌதிகநிலையில் தொடங்குவதே சரி. இருக்கும் அட்டவணைகளைப் படித்து மென்பொருளே படம் வரைந்து தரும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய கட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அதிலேயே பார்த்துவிடலாம்.