ஸ்டீயரிங்குக்கும் டயருக்கும் நடுவில் எண்ணெய் மட்டும்

போடிமெட்டு சாலையில் ஐப்பசி மழைக்குப் பாறை உருண்டு விழுவது புதிய செய்தி இல்லை. முந்தலைத் தாண்டி ஏற ஆரம்பித்தால் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏதாவது ஓரிடத்தில் மண் சரிந்து கிடக்கும். ஜேசிபி வந்து ஒதுக்கும்வரை ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு காலையில் வேறு வேலை இல்லாமல் ஜேசிபியையே பார்த்துக்கொண்டிருந்தேன். (ஜேசிபி ஒரு கம்பெனியின் பெயர்தான். நம்ம ஊரில் முன்னால் பெரிய பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள எல்லா வண்டிக்கும் அதுதான் பெயர்.)

சுமார் 7.5 டன் வண்டி. பக்கெட் நிறைய ஈர மண்ணும் கல்லும். அந்தப் பையன் ஸ்டீயரிங்கில் பொருத்தியிருந்த குமிழை இடது கையால் லேசாகச் சுற்றி, நின்ற இடத்திலேயே முன் சக்கரங்களைத் திருப்பினான். பக்கத்தில் பழைய ஜீப்பில் காலி வண்டியைத் திருப்ப ஒருவர் இரண்டு கையாலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பக்கெட் நிறைந்தால் முன் சக்கரத்தைத் திருப்புவது எவ்வளவு கடினமாகும் என்று முதலில் பார்ப்போம். பக்கெட் முன் அச்சுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றப்பலகையில் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் மேலே போவதுபோல, பக்கெட்டில் 1.5 டன் ஏறினால் முன் அச்சில் 1.5 டன் மட்டும் கூடாது. பின் சக்கரங்களிலிருந்தும் கொஞ்சம் எடை கழன்று முன்னால் வந்து சேரும். அந்த மொத்த எடையோடு, உருளாமல் நிற்கும் டயரை மண்ணில் தேய்த்துத் திருப்ப வேண்டும். பல்சக்கரம் வைத்துக் கைச்சுமையைக் குறைக்கலாம்தான். ஆனால் சுமை எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு அதிகமாகச் சுற்ற வேண்டும். நிமிஷத்துக்கு நாலு தடவை முன்னும் பின்னும் திரும்புகிற வேலைக்கு அது ஆகாது.

வேலை முடிந்து டீ குடிக்க இறங்கியவனிடம், "தம்பி, ஸ்டீயரிங் நேரா இருக்கும்போது இந்தக் குமிழ் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டேன். காரில் ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா என்று பார்த்தே பழகிய கேள்வி அது.

"இதுக்கு நேருன்னு ஒண்ணு கிடையாதுண்ணே. காலைல மேல இருக்கும், சாயங்காலம் சைடுல இருக்கும். நாம டயரத்தான் பாக்கணும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு இரும்புத் தண்டு கீழே போய்ச் சக்கரத்தோடு சேர்கிறது, ஹைட்ராலிக் என்பது அதற்கு ஒத்தாசை மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கார், பிக்கப், லாரிக்கு அது சரி. இந்த வண்டியில் ஸ்டீயரிங்குக்கும் டயருக்கும் நடுவில் இரும்பு இணைப்பே இல்லை. ரப்பர் ஹோஸும் அதற்குள் எண்ணெயும்தான். எண்ணெய் உள்ளுக்குள்ளே சொட்டுச் சொட்டாகக் கசிவதால், குமிழின் இடம் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இதைத் துருவ ஆரம்பித்தேன். பவர் ஸ்டீயரிங்கின் கதை லாரியில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற இன்ஜினியர் 1926-இல் தன் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை ஓட்டிக் காட்டினார். அது விற்பனைக்கான காரில் வர 1951 ஆனது. அவர் வழியில் இரும்புத் தண்டு அப்படியே இருந்தது, எண்ணெய் கூடத் தள்ளிக்கொடுத்தது. தண்டையே தூக்கி எறிந்தது மின்னியாபொலிஸ் நகரத்து லின் சார்ல்சன். அவருடைய சார்-லின் கம்பெனி 1960 வாக்கில் கொண்டுவந்த கருவியின் பெயர் ஆர்பிட்ரால். அந்தக் கம்பெனி பின்னாளில் ஈட்டனிடம் போனது. ஈட்டனின் ஹைட்ராலிக்ஸ் பிரிவை 2021-இல் டென்மார்க்கின் டான்ஃபோஸ் வாங்கியது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'ஆர்பிட்ரால்' என்று சொல்வது இந்தக் கருவியைத்தான்.

கருவி ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு பகுதி. முதலாவது, ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு குழாய்கள். உள்குழாய் ஸ்டீயரிங்கோடு சேர்ந்தது. ஸ்டீயரிங்கைச் சில டிகிரி திருப்பினால் உள்குழாய் மட்டும் திரும்பும், வெளிக்குழாய் நிற்கும். அந்த வித்தியாசத்தில் ஓட்டைகள் ஒன்றோடொன்று நேராகி எண்ணெய்க்கு வழி திறக்கும். வழி கிடைத்த எண்ணெய் இரண்டாவது பகுதிக்குப் போகிறது. அங்கே 7 பள்ளம் கொண்ட வளையத்துக்குள் 6 பல் கொண்ட ஒரு சக்கரம். ஒரு பல் குறைவு என்பதால் அது தன்னைச் சுற்றும்போதே வளையத்துக்குள் ஒரு வட்டமும் அடிக்கும். ஆர்பிட் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லி என்று எண்ணெயை அளந்து, சக்கரத்தைத் தள்ளும் சிலிண்டருக்கு அனுப்புகிறது. அனுப்பிக்கொண்டே வெளிக்குழாயையும் திருப்புகிறது. வெளிக்குழாய் உள்குழாயை எட்டிப்பிடித்ததும் ஓட்டைகள் மூடிவிடும், எண்ணெய் நின்றுவிடும். கை எவ்வளவு சுற்றியதோ டயர் அதற்கு ஏற்ற அளவுதான் திரும்பும். ஒரு சிப்போ ஒரு வரி கோடோ இல்லாமல் ஃபீட்பேக் லூப்! இருபது வருஷமாகக் கோடு எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இன்னொரு வேடிக்கை. பல வண்டிகளில் பக்கெட்டைத் தூக்குவதும் ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் ஒரே பம்ப்தான். நடுவில் உள்ள ஒரு வால்வு ஸ்டீயரிங்குக்கு முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் பக்கெட்டுக்கு விடும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது பக்கெட்டைத் தூக்கிக்கொண்டே ஸ்டீயரிங்கைச் சுற்றினால் பக்கெட் தயங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சரி, இன்ஜின் செத்துப்போனால்?

பம்ப் நிற்கும். ஆனால் ஸ்டீயரிங் முழுசாகச் சாகாது. இப்போது ஸ்டீயரிங்கைச் சுற்றினால் அந்த 6 பல் சக்கரத்தை நம் கையே சுற்றும். அளக்கும் கருவி கைப்பம்ப்பாக மாறிவிடும். திரும்பி வரும் குழாயிலிருந்து எண்ணெயை உறிஞ்ச ஒரு சின்ன வால்வும் வழி விடும். எவ்வளவு பலம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு 125 மில்லி அனுப்பும் கருவி, 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங் என்று வைத்துக்கொள்வோம். உராய்வை விட்டுவிட்டால், கை 10 கிலோ பலத்தோடு இழுத்தால் எண்ணெயில் எழும் அழுத்தம் சுமார் 10 பார். உயிரைக் கொடுத்து 35 கிலோ இழுத்தால் 35 பார். இன்ஜின் ஓடும்போது பம்ப் 150 பார் வரை கொடுக்கும். அதாவது முழு பலத்தில் கால் பங்குகூட இல்லை. சமதளத்தில் மெல்ல உருளும் வண்டியை ஓரங்கட்ட இது போதும். பக்கெட்டில் மண்ணோடு கொண்டை ஊசியில் இறங்கும்போது போதாது. "வண்டி செத்தாலும் ஸ்டேரிங் திரும்பும்ணே, ஆனா நம்ம கை செத்துரும்" என்று அந்தப் பையன் சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் எங்கள் பக்கத்து ஒரு பழக்கம். பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்கள் இன்னும் தோண்டாத நியூட்ரினோ சுரங்கத்தைக் கேட்பார்கள். எங்களுக்குத் தெரிந்தது மலை ஏறி இறங்கும் வண்டிகள். மேலே இருந்து இறங்கும்போது இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டி டீசலை மிச்சம் பிடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என் தாய்மாமாவே அதில் கெட்டிக்காரர். அவர் ஓட்டிய பழைய ஜீப்பில் ஸ்டீயரிங் முழுக்க இரும்பு, பிரேக்கும் கால் பலத்தில்தான். இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் இரண்டும் ஒரே மாதிரி கனம். அவருடைய தைரியத்துக்கு அதுதான் காரணம்.

அந்தக் கையும் காலும் இன்றைக்குப் பிக்கப்பில் உட்கார்ந்து அதையே செய்தால் கதை வேறு. பிக்கப்பில் தண்டு இருக்கிறது, அதனால் திரும்பும், ஆனால் திடீரென்று கல்லாகக் கனக்கும். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. நியூட்ரல் என்பதால் இன்ஜின் பிடித்து இழுக்கும் தடையும் இல்லை. ஜேசிபியில் இதைச் செய்தால் என்ன மிஞ்சும் என்பதை மேலே பார்த்துவிட்டோம்.

மிச்சமாவதாக நினைக்கும் டீசலாவது மிச்சமா? கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அப்போது கம்ப்யூட்டர் வைத்த புது இன்ஜின்கள் டீசலை அடியோடு நிறுத்திவிடும். பழைய பம்ப்பில் இருக்கும் கவர்னரும் ஏறக்குறைய அதையே செய்யும். ஒரு சொட்டும் எரியாமல் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஓசியில் கிடைக்கிற வழி இருக்கும்போது, அணைத்து இறங்கி மிச்சம் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

மாமாவிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். "அப்ப முப்பது வருஷமா நான் சும்மாவா உருட்டுனேன்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார். பேரன் வாங்கியிருக்கும் பிக்கப்பைப் பற்றி மட்டும், கொஞ்ச நேரம் கழித்து, "அவன்ட்ட நீயே சொல்லிரு" என்றார்.