கணிப்பொறியின் வேலையாட்கள்

கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இருநூறு இலை போட்டால் இருநூறு பரிசாரகர்கள் வருவதில்லை. பத்துப் பேர் வாளியும் கரண்டியுமாகப் பந்தி முழுவதையும் சுற்றி வந்துவிடுகிறார்கள். இலைக்கு ஓர் ஆள் என்று வைத்தால், ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்களே தவிர, சாதம் இலைக்கு வந்து சேராது. கணிப்பொறியை நடத்தும் இயக்க முறைமையும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

கணிப்பொறிக்குள் ஒரு காரியத்தை நடத்திச் செல்லும் ஓட்டத்துக்கு இழை என்று பெயர். புதிய இழை ஒன்றை உண்டாக்க நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டும். எண் கொடுத்துப் பதிய வேண்டும். முடிந்தபின் யாவற்றையும் கலைக்க வேண்டும். காரியமோ பல சமயம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே சில இழைகளை முன்னதாகவே உண்டாக்கி வைத்து, வேலைகளை வரிசையில் நிறுத்தி, ஓய்ந்த இழை அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளுமாறு செய்தார்கள். இதுவே இழைக்குழு. விண்டோஸ் 2000 இவ்வசதியை நிரல் எழுதுவோருக்கு அளித்தது. 2009இல் ஆப்பிள் நிறுவனமும் தன் முறைமையில் அளித்தது.

இதுவரை எளிது. எத்தனை ஆட்கள் என்பதில்தான் சங்கடம். நான்கு செயலகங்கள் இருந்தால் நான்கு இழைகள் போதும் என்று தோன்றும். ஆனால் வேலைக்கு நடுவே இழை உறங்கிவிடுவதுண்டு. சோம்பலால் அன்று, வட்டிலிருந்து தகவல் வரும்வரை அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போது வரிசையில் வேலை நிற்க, செயலகம் சும்மா இருக்கும்.

லினக்ஸ் முறைமை இதில் பட்ட பாடு சுவையானது. அதன் பகுதிகள் பலவும் தமக்கெனத் தனி வரிசை வைத்துக்கொண்டு, செயலகத்துக்கு ஓர் இழை வீதம் உண்டாக்கிவந்தன. செயலகங்கள் பெருகியபோது, சில இயந்திரங்களில் இழைகளுக்கென இருந்த சுமார் 32,000 எண்களும் இயந்திரம் தொடங்கும்போதே தீர்ந்துபோயின! அத்தனை ஆட்கள் இருந்தும், ஒரு வரிசையின் இழை உறங்கினால் அதன் பின்னால் நின்ற வேலைகள் காத்தே கிடந்தன. அடுத்த வரிசையின் ஆள் உதவிக்கு வர வழியில்லை.

2010இல் வந்த 2.6.36 பதிப்பில் டேஜுன் ஹியோ என்பவர் இதை மாற்றி அமைத்தார். ஒவ்வொரு செயலகத்துக்கும் எல்லா வரிசைகளுக்கும் பொதுவான குழுக்கள் ஏற்பட்டன. ஓர் இழையாவது ஓடிக்கொண்டிருந்தால் குழு வேறொன்றை எழுப்பாது. கடைசி இழையும் உறங்கப்போகும் அந்தக் கணமே, ஓய்ந்திருக்கும் இன்னொன்றை எழுப்பிவிடும். இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இழைகளை உறங்கவைப்பதும் எழுப்புவதும் இயக்க முறைமையே அல்லவா? வெளியிலிருக்கும் நிரலுக்கு இந்த அறிவு எளிதில் கிட்டாது. தேவைக்கு மேற்பட்ட இழைகள் ஐந்து நிமிடம்போலச் சும்மா இருந்தால் அனுப்பப்படும்.

ஓர் ஆபத்து மட்டும் மிஞ்சியது. நினைவகம் நிரம்பிவிட்டது, அதைக் காலிசெய்யும் வேலை வரிசையில் நிற்கிறது, அதைச் செய்யப் புதிய இழை வேண்டும், புதிய இழைக்கோ நினைவகம் வேண்டும். முறைமை முழுவதும் அங்கேயே நின்றுவிடும். இதற்காகவே, இத்தகைய வரிசைகள் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்திலேயே ஒரு மீட்பு இழை உண்டாக்கி வைக்கப்படுகிறது. சாதாரண நாட்களில் அதற்கு வேலையே இல்லை. நெருக்கடி வந்ததும் எழுந்து, தேங்கிய வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, மறுபடியும் உறங்கப் போய்விடுகிறது.