உஷார்! முகாம் குடும்பங்களே, காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறதா?

தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகிற வழியில் மாப்பிள்ளையூரணி. எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தி. இந்த இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களும் அவர்களோடு பழகும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் இதை இன்றே படியுங்கள். வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த பிறகு அட்டைக்கு அலைந்தால் காலம் கடந்துவிடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஊர்க்காரர்களுக்கு ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முகாமில் பதிவுபெற்றவர்களுக்கு அந்த உச்சவரம்பே கிடையாது. இருந்தும், பெயிண்டிங் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு ஆபரேஷனுக்கு வட்டிக்கு வாங்கி, வருடக்கணக்கில் கட்டுகிறார்கள்.

இதில் அலட்சியம் ஏன் கூடாது? இலங்கையில் நடந்த 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு 2012 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படகேறித் தமிழகம் வந்தார்கள். ஆனால் 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே முகாம்வாசிகளுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு உதவியும் அரசாணையையும் முகாம் பதிவையும் நம்பியே நிற்கிறது. பதிவில் பெயர் இல்லாதவர் நல்ல திட்டம் இருந்தும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

உஷார் 1: பெயர் விடுபடுதல். கல்யாணமாகி வேறு முகாமிலிருந்து வந்த மருமகள், புதிதாகப் பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர் முகாம் பதிவில் ஏறிவிட்டதா என்று வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) இப்போதே கேளுங்கள். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே வசிப்பவர்கள், முகாம்காரர்களுக்குரிய சலுகை தங்களுக்கும் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். விசாரித்து உறுதி செய்யுங்கள்.

உஷார் 2: செக்கிங். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் வந்தால், ஆள் இல்லை என்று பதிவை வெட்டிவிடுவார்களோ என்று பயந்து பாதி சிகிச்சையில் எழுந்து வராதீர்கள். அட்மிஷன் சீட்டின் நகலுடன் ஆர்.ஐ.க்கு எழுத்தில் தெரிவித்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

உஷார் 3: உடம்பில் தங்கிய ஷெல் துண்டு. இது உயிர் விஷயம். இலங்கைப் போரில் காயம்பட்டு உலோகத் துண்டோடு வாழ்பவர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் போகும் முன் அதை மருத்துவரிடமும் ஸ்கேன் எடுப்பவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை உள்ளேயே நகர்த்தலாம்; அதன் ரேடியோ அலைகள் துண்டைச் சூடாக்கலாம். கண், மூளை, முதுகுத்தண்டு பக்கம் இருந்தால் ஆபத்து பெரிது. பழைய காயத்தைப் பேச மனம் கூசும்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் மறைக்கவே கூடாது. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உஷார் 4: அட்டை இருந்தால் எல்லாம் இலவசம் என்ற நினைப்பு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே காப்பீடு செல்லும். அட்மிட் ஆகும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள். அட்டை வாங்கித் தருகிறேன் என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அவசரம் என்றால் அட்டை இல்லையே என்று வீட்டிலேயே தயங்கிக் கிடக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். உயிர் காக்கும் சிகிச்சையை அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் தட்டிக் கழிக்கக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; எந்த ஊர், எந்த நாடு என்று அதில் பார்ப்பதில்லை.

தருவைகுளத்து மக்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்டில் உங்கள் ஊர் மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனது. கடலுக்கு அப்பால், அந்நிய நாட்டில் நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று தவித்த வீடுகள் உங்கள் தெருவில்தான் இருக்கின்றன. முகாம்காரர்களுக்கு இங்கே வரும் தவிப்பும் அதுவேதான். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்கு ஒரு குடும்பத்தையாவது அழைத்துப் போங்கள்.

முகாம் தலைவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அட்டை இல்லாத குடும்பங்களின் பட்டியலை எடுங்கள். முகாமுக்கே வந்து பதிவு செய்து தரும்படி, வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.