எலும்பை உருக்கும் சுரப்பிகள்

மனிதனின் கழுத்திலே, கேடயச் சுரப்பியின் பின்புறத்தில், அரிசி மணியளவான சிறு சுரப்பிகள் பெரும்பாலும் நான்கு உள்ளன. இவற்றைப் பராதைரொயிட்டுச் சுரப்பிகள் என்பர். குருதியிலே கல்சியம் குறையுமாயின், இவை ஓர் ஓமோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தைப் பெயர்த்தெடுத்துக் குறையை ஈடுசெய்கின்றன. வறுமைக் காலத்தில் வீட்டு நகையை விற்றுச் செலவை நடத்துவது போன்றது இது.

சிறுநீரகம் பழுதடைந்தவரிடத்தே அவ்வறுமை தீராத வறுமையாகிவிடுகின்றது. வெளியேற வேண்டிய பொசுபேற்றுக் குருதியிலே தேங்குகின்றது. விற்றமின் டீ செயற்படும் வடிவம் பெறுவதும் குன்றுகின்றது. கல்சியம் குறையவே, சுரப்பிகள் ஓய்வின்றி உழைத்துப் பருக்கின்றன. இயந்திரத்தின் துணையால் குருதியைச் சுத்திகரிப்பினும் இக்கேடு முற்றாக நீங்குவதில்லை. எலும்பு நலிகின்றது, குருதிக் குழாய்களிலே சுண்ணாம்பு படிகின்றது.

இந்நோயின் கடுமையை அளப்பது எவ்வாறு? ஓமோனின் அளவே முதற் சான்று. சுகதேகிகளிடத்தே அதன் மேலெல்லை மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 65 பிக்கோகிராம். குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோருக்கு இவ்வெல்லை பொருந்தாது. அவர்தம் எலும்பு ஓமோனுக்கு எளிதில் இணங்குவதில்லை. ஆகவே, அம்மேலெல்லையின் 2 முதல் 9 மடங்கு வரை இருக்கலாமென 2009இல் வெளியான கேடிகோ எனும் சர்வதேச நெறிமுறை வகுத்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தமும் அதனையே ஏற்றது. மிகக் குறைதலும் தீதே. எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் தொழில் அப்போது மந்தமாகிவிடும்.

ஒரு நாட் பரிசோதனையைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் அளக்கும் முறை வேறுபடும். பல மாத அளவுகளை ஒப்பிட்டு, ஓமோன் ஏறிச்செல்கின்றதா என்பதை நோக்க வேண்டும். கல்சியம், பொசுபேற்று, எலும்பு புதுப்பிக்கப்படும் வேகத்தை உணர்த்தும் அல்கலைன் பொசுபற்றேசு என்னும் நொதியம் ஆகியவற்றையும் உடன் வைத்துப் பார்த்தல் அவசியம்.

கல்சியம் குறைந்தும் ஓமோன் மிகுந்தும் இருப்பின், சுரப்பி தேவைக்காக உழைக்கின்றது எனலாம். உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் பயன்தரும். மருந்தின் மிகுதியாலன்றிக் கல்சியம் உயர்ந்த பின்னரும் ஓமோன் தணியாதாயின், சுரப்பி கட்டுமீறிவிட்டது என்றே கருத வேண்டும். கழுத்தின் ஒலியலைப் படத்திலே சுரப்பி ஒரு சென்ரிமீற்றருக்கு மேற் பருத்திருப்பதும், கைவிரலின் ஊடுகதிர்ப் படத்திலே எலும்பின் ஓரம் அரிக்கப்பட்டிருப்பதும் கடுமையின் அறிகுறிகள். இந்நிலையில் மருந்து பயனற்றுப்போனால் சத்திரசிகிச்சை வேண்டப்படலாம்.

நோவு தோன்றும்வரை காத்திருத்தல் பேதைமை. எலும்பு முறியும்வரை இந்நோய் பேசாதிருக்கவும் கூடும். அதற்கு முன்னரே பேசுவது குருதிப் பரிசோதனை ஒன்றே. அதனைத் தவணை தவறாது செய்வித்தல் நோயாளியின் கடமையாகும்.